கண்ணில் படாத ஐவர்

முன்னுரை

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. தேர் ஓடும்போது கூட்டத்தின் கண்கள் உச்சியிலுள்ள கலசத்தின் மேலும், வடம் பிடிப்போர் மேலும் இருக்கும். அச்சாணியை எவரும் பார்ப்பதில்லை. அது கழன்று விழுந்த பிறகுதான், அப்படியொரு பொருள் இருந்தது என்பதே நினைவுக்கு வரும். பொருளியல் மாணவனாகிய எனக்கு இப்பழமொழியின் முழுப்பொருளையும் உணர்த்தியது அமெரிக்கக் கால்பந்து ஆட்டமாகும்.

எங்கள் துறைக் கருத்தரங்கில் 'பயனும் விலையும்' என்ற தலைப்பில் நான் பேச வேண்டியிருந்தது. பாடநூலில் உள்ள தண்ணீர், வைரம் எடுத்துக்காட்டையே மீண்டும் சொல்ல மனம் ஒப்பவில்லை. வேறொன்றைத் தேடியபோதுதான், ஒகையோ மாநிலத்துச் சின்சினாட்டி நகர அணியின் ரசிகர்கள் 2021ஆம் ஆண்டில் நடத்திய ஒரு வாதத்தை அறிந்தேன். அணிக்கு முதலில் வேண்டுவது பந்து பிடிப்பவரா, காவல் நிற்பவரா என்பதே அவ்வாதம். நானும் முதலில் ஒரு பக்கம் சாய்ந்தேன். பின்னர் அவ்வணியின் ஆட்டம் ஒன்றை இரண்டு முறை பார்த்தேன். இரண்டாம் முறை பார்த்தபின் என் கருத்து மாறிற்று. அது மாறிய கதையே இக்கட்டுரை.

ஆட்டத்தின் அமைப்பு

இங்கே கால்பந்து என்பது நாம் காலால் உதைத்து ஆடும் ஆட்டம் அன்று. இருமுனையும் கூம்பிய பந்தைக் கையில் ஏந்தியோ, எறிந்து பிடித்தோ எதிரியின் எல்லைக்குள் கொண்டு சேர்க்கும் ஆட்டம் இது. பக்கத்திற்குப் பதினொருவர் ஆடுவர். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள் உண்டு. அவற்றுக்குள் பத்துக் கெஜம் முன்னேறினால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். இல்லையேல் பந்து எதிரணிக்குப் போய்விடும்.

அணியின் மூளையாக நிற்பவர் குவாட்டர்பேக். பந்தை யாருக்கு எறிவது என்று நொடியில் முடிவு செய்பவர் அவரே. அவர் எறியும் பந்தை ஓடிச்சென்று பிடிப்பவர் ரிசீவர். இவ்விருவரின் படங்களே செய்தித்தாள்களில் வரும். இவர்கள் பெயர் பொறித்த சட்டைகளையே சிறுவர்கள் அணிவர்.

குவாட்டர்பேக்குக்கு முன்னால் ஐவர் வரிசையாக நிற்பர். நடுவில் நிற்பவர் சென்டர். அவருக்கு இருபுறமும் கார்ட் இருவர். அவர்களுக்கு வெளியே டேக்கிள் இருவர். ஒவ்வொருவரும் ஏறத்தாழ முந்நூறு பவுண்டு எடையுள்ளவர். முன்னோக்கி எறியப்படும் பந்தைப் பிடிக்கும் உரிமைகூட இவர்களுக்குப் பொதுவாகக் கிடையாது. பாய்ந்து வரும் எதிரிகளை இரண்டு அல்லது மூன்று வினாடி தடுத்து நிறுத்துவதே இவர்களது வேலை. அந்த மூன்று வினாடிக்குள் குவாட்டர்பேக் பந்தை எறிந்துவிட வேண்டும். எறியுமுன் அவர் வீழ்த்தப்பட்டால் அதற்குச் 'சாக்' என்று பெயர்.

ரிசீவர் எத்தனை பந்து பிடித்தார், எத்தனை கெஜம் ஓடினார் என்பதற்கெல்லாம் கணக்கு உண்டு. இந்த ஐவருக்கோ அத்தகைய கணக்கு இல்லை. தடுத்து நிறுத்திய அறுபது முயற்சிகளை எவரும் எண்ணிச் சொல்வதில்லை. இவர்களில் ஒருவர் தவறு செய்யும்போதுதான் நடுவர் அவரது சட்டை எண்ணை அரங்கமே கேட்கும்படி அறிவிப்பார்.

1985ஆம் ஆண்டு நவம்பர் 18ஆம் நாள் வாஷிங்டன் அணியின் குவாட்டர்பேக் ஜோ தைஸ்மன், நியூயார்க் ஜயண்ட்ஸ் அணியின் லாரன்ஸ் டெய்லரால் வீழ்த்தப்பட்டுக் கால் முறிந்தார். அத்துடன் அவரது ஆட்ட வாழ்வே முடிந்தது. வலக்கையால் எறியும் குவாட்டர்பேக்குக்கு இடப்புறம் முதுகுப்புறமாகிவிடும். அவர் காணாத அத்திசையைக் காப்பவர் இடப்புற டேக்கிள். அந்த இடத்தின் அருமையைப் பலருக்கும் உணர்த்திய நிகழ்ச்சிகளில் இது முதன்மையானது.

ஓய்வுக் காலச் சந்தை

ஆட்டப் பருவம் பிப்ரவரியில் முடிகிறது. மார்ச் மாதத்தில், ஒப்பந்தம் முடிந்து விடுபட்ட வீரர்களை அணிகள் விலைபேசி எடுத்துக்கொள்கின்றன. இம்முறை 1993இல் நடைமுறைக்கு வந்தது. ஏப்ரல் இறுதியில் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நடைபெறுகிறது. முந்திய பருவத்தில் மிகக் குறைந்த வெற்றி பெற்ற அணிக்கே முதல் உரிமை.

பணம் மிகுந்த அணி எல்லோரையும் வாங்கிவிடலாமே என்று நண்பர்கள் கேட்கலாம். அது இயலாது. 1994 முதல் ஒவ்வோர் அணிக்கும் ஊதிய உச்சவரம்பு உண்டு. முதல் ஆண்டில் அது 3 கோடியே 46 லட்சம் டாலராக இருந்தது. கொள்ளைநோயால் அரங்குகள் வெறிச்சோடியதன் விளைவாக முந்திய ஆண்டைவிடக் குறைந்த 2021இல்கூட அது 18 கோடியே 25 லட்சம் டாலர். ஐம்பத்து மூவர் கொண்ட அணியில் ஒருவருக்குக் கூட்டிக் கொடுத்தால் இன்னொருவருக்குக் குறைத்தே ஆக வேண்டும். நாம் பாடத்தில் படிக்கும் வாய்ப்புச் செலவு இங்கே கண்ணெதிரே நடமாடுகிறது. ஆட்டமே இல்லாத அம்மாதங்களில் ரசிகர்களின் வாதம் உச்சத்தில் இருப்பதற்கும் இதுவே காரணம். யாரை எடுப்பது என்று கேட்கும்போதே, யாரை விடுவது என்ற கேள்வியும் உடன் எழுகிறது.

சின்சினாட்டி வாதம்

சின்சினாட்டி பெங்கால்ஸ் அணி 2020 டிராஃப்டில் முதல் வீரராக ஜோ பர்ரோ என்ற குவாட்டர்பேக்கை எடுத்தது. நெடுங்காலம் தோல்வியில் உழன்ற ஊருக்கு அவர் விடிவெள்ளியாக வந்தார். ஆனால் அவரைக் காக்க வேண்டிய முன்வரிசையோ வலுவற்றிருந்தது. பத்தே ஆட்டங்களில் அவர் 32 முறை வீழ்த்தப்பட்டார். பத்தாவது ஆட்டத்தில், நவம்பர் 22ஆம் நாள், முழங்கால் தசைநார்கள் அறுந்து களத்திலிருந்து வண்டியில் ஏற்றிச் செல்லப்பட்டார். அணி நான்கு வெற்றிகளோடு பருவத்தை முடித்தது.

அதன் பயனாக 2021 டிராஃப்டில் ஐந்தாவது தேர்வு அவ்வணிக்குக் கிட்டியது. அப்போது கைக்கெட்டும் தொலைவில் இருவர் இருந்தனர். ஒருவர் ஆரிகன் பல்கலைக்கழகத்தின் டேக்கிள் பெனே சூவல். மற்றவர் லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ரிசீவர் ஜமார் சேஸ்; கல்லூரியில் பர்ரோவின் பந்துகளைப் பிடித்தவர்.

"முழங்கால் அறுந்து கிடக்கும் பிள்ளைக்கு முதலில் வேலி போடுங்கள், பூச்செடி பிறகு வைக்கலாம்" என்பது ஒரு சாராரின் வாதம். "டேக்கிள் என்பவர் இரண்டாம் சுற்றிலும் கிடைப்பார், சந்தையிலும் கிடைப்பார், சேஸைப் போன்றவர் மீண்டும் கிடைக்கமாட்டார்" என்பது மறுசாராரின் வாதம். நேர்மையாகச் சொன்னால், வேலி போடச் சொன்னவர்கள் பக்கமே நான் இருந்தேன்.

அணி சேஸையே எடுத்தது. இரண்டாம் சுற்றில் ஜாக்சன் கார்மன் என்ற முன்வரிசை வீரரை எடுத்தது. வலப்புற டேக்கிளாக ரைலி ரீஃப் என்ற அனுபவசாலியை முன்னரே மார்ச் சந்தையில் பெற்றிருந்தது.

விளைவு என்ன? சேஸ் அப்பருவத்தில் 81 பந்துகள் பிடித்து 1,455 கெஜம் சேர்த்தார். கான்சஸ் சிட்டிக்கு எதிரான ஒரே ஆட்டத்தில் 266 கெஜம். 31 ஆண்டுகளாக இறுதிச்சுற்று வெற்றி ஒன்றைக்கூடக் காணாத அணி, 2022 பிப்ரவரியில் சூப்பர் பௌல் எனும் இறுதிப் போட்டிக்கே சென்றது. ஆனால் பர்ரோ அப்பருவத்தில் 51 முறை வீழ்த்தப்பட்டார். அவ்வாண்டில் அவரைவிட மிகுதியாக வீழ்த்தப்பட்டவர் எவருமில்லை. இறுதிச்சுற்றில் டென்னஸி அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஒன்பது முறை வீழ்ந்தும் வென்றார். இரு சாராருமே "நாங்கள் சொன்னது சரியாயிற்று" என்று கூறிக்கொள்ள இடமிருந்தது.

ஒரு பந்தின் கதை

2022 பிப்ரவரி 13ஆம் நாள் லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் அணியோடு இறுதிப் போட்டி. நான் இரண்டு முறை பார்த்ததாகக் கூறிய ஆட்டம் இதுவே. ராம்ஸ் 23, பெங்கால்ஸ் 20. ஒரு நிமிடத்திற்கும் குறைவான நேரமே மீதி. நான்காவது முயற்சி, தேவைப்படுவது ஒரு கெஜம்.

முதன்முறை பார்த்தபோது, எல்லோரையும் போல் பந்தையே பார்த்தேன். பர்ரோ பின்வாங்கினார், எதிரணியின் ஏரன் டொனால்ட் அவரைச் சுழற்றினார், விழுந்துகொண்டே எறிந்த பந்து ஒருவர் கையிலும் சேராமல் தரையைத் தொட்டது. பர்ரோ தவறிவிட்டார் என்றே நினைத்தேன்.

இரண்டாம் முறை பந்தை விட்டுவிட்டுக் களத்தின் மற்ற பகுதிகளைப் பார்த்தேன். தொலைவில் சேஸ் ஓடிக்கொண்டிருந்தார். அவரைக் காவல் காத்த ஜேலன் ராம்சே கால் இடறி வீழ்ந்துவிட்டார். சேஸுக்கு முன்னால் வெட்டவெளி. இன்னும் ஒரே வினாடி கிடைத்திருந்தால் பந்து அவர் கைக்குப் போயிருக்கலாம். கோப்பையும் சின்சினாட்டிக்கு வந்திருக்கலாம். அந்த ஒரு வினாடியைத் தர முன்வரிசையால் இயலவில்லை. அன்று பர்ரோ வீழ்ந்தது ஏழு முறை.

வேலி போடச் சொன்னவர்களின் வாதம் வென்றதென்று அப்போது மகிழ்ந்தேன். ஆனால் மறுபடியும் ஐவரை மட்டும் பார்த்தபோது மகிழ்ச்சி மறைந்தது. டொனால்ட் உடைத்துக்கொண்டு வந்த வழி டேக்கிள் நின்ற விளிம்பு அன்று. கார்ட் நின்ற உட்புறம். பெனே சூவலை எடுத்திருந்தாலும் அவர் நின்றிருக்கக்கூடிய இடம் வெளிப்புறமே. கரை உடைந்ததோ வேறிடத்தில். இரு சாராரும் பெரிய பெயர் இரண்டை வைத்துக்கொண்டு வாதிட்டனர். ஆட்டத்தை முடித்ததோ அவ்வாதத்தில் பேசப்படாத ஓர் இடம்.

ஓ வளையக் கணக்கு

இதைப் புரிந்துகொள்ளப் பொருளியலே துணைபுரிந்தது. 1986 ஜனவரி 28ஆம் நாள் சேலஞ்சர் விண்கலம் வெடித்து எழுவர் மாண்டனர். ஓ வளையம் எனப்படும் ஒரு ரப்பர் வளையம் குளிரில் இறுகிப் பயனற்றுப் போனதே காரணம். இதை உவமையாகக் கொண்டு மைக்கேல் கிரெமர் என்ற பொருளியலறிஞர் 1993இல் ஒரு கோட்பாட்டை வெளியிட்டார். 2019இல் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ ஆகியோருடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் இவரே. சில தொழில்களில் உழைப்போரின் திறன்கள் ஒன்றோடொன்று கூட்டப்படுவதில்லை. பெருக்கப்படுகின்றன என்பது அவர் கருத்தின் சாரம்.

முன்வரிசையை இவ்வாறு பார்ப்போம். ஒரு முயற்சியில் ஐவரும் தத்தம் எதிரியைத் தடுத்தால்தான் குவாட்டர்பேக் தப்புவார் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 95 முறை தடுக்கும் நால்வரும், 60 முறை தடுக்கும் ஒருவரும் ஓர் அணியில் உள்ளனர். மற்றோர் அணியில் ஐவருமே 88 முறை தடுப்பவர்கள். இரண்டு அணிக்கும் சராசரி 88தான். ஆனால் பெருக்கிப் பார்த்தால், நட்சத்திரங்கள் நால்வர் உள்ள அணி நூற்றுக்கு 49 முறை காக்கிறது. எளியவர் ஐவர் உள்ள அணி 53 முறை காக்கிறது.

இப்போது முதல் அணிக்கு ஓர் ஆளை மாற்றிக்கொள்ள வாய்ப்புக் கிடைக்கிறது. 95 உள்ள ஒருவரை நீக்கி 99 உள்ள மாவீரரைக் கொண்டுவந்தால், 49 என்பது 51 ஆகும். 60 உள்ளவரை நீக்கி 88 உள்ள ஒரு சாதாரணரைக் கொண்டுவந்தால், 49 என்பது 72 ஆகிவிடும்! மாவீரருக்கு ஊரே திரண்டு மாலையிடும். சாதாரணர் வந்த செய்தியோ நாளிதழின் மூலையில் ஒரு வரியாக வரும். இவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்களே. ஆயினும் ஏரிக்கரை அதன் சராசரி உயரத்தில் உடைவதில்லை, தாழ்ந்த இடத்தில்தான் உடைகிறது என்பதை அவை தெளிவாகக் காட்டுகின்றன.

கான்சஸ் சிட்டி காட்டிய வழி

இக்கணக்கு ஏட்டுச் சுரைக்காய் அன்று என்பதற்குக் கான்சஸ் சிட்டி சீஃப்ஸ் அணி சான்று. 2021 பிப்ரவரியில் நடந்த சூப்பர் பௌலில் அவ்வணியின் டேக்கிள் இருவருமே காயத்தால் ஆடவில்லை. பாட்ரிக் மஹோம்ஸ் என்ற ஈடிணையற்ற குவாட்டர்பேக் ஆட்டம் முழுவதும் உயிருக்கு ஓடுவது போல் ஓடினார். டாம்பா பே அணி 31க்கு 9 என்று வென்றது.

அடுத்த சில மாதங்களில் அவ்வணி முன்வரிசை முழுவதையும் பிரித்துக் கட்டியது. நெடுநாள் உழைத்த டேக்கிள் இருவரையும் விடுவித்தது. ஜோ தூனி என்ற கார்டை ஐந்தாண்டுக்கு 8 கோடி டாலர் ஒப்பந்தத்தில் சந்தையிலிருந்து பெற்றது. ஆர்லாண்டோ பிரவுன் என்ற டேக்கிளை, முதல் சுற்றுத் தேர்வுரிமையைக் கொடுத்து வேறோர் அணியிடமிருந்து வாங்கியது. டிராஃப்டில் 63ஆவது தேர்வாகக் கிரீட் ஹம்ஃப்ரி என்ற சென்டரையும், 226ஆவது தேர்வாக ட்ரே ஸ்மித் என்ற கார்டையும் எடுத்தது. ஸ்மித்துக்குக் கல்லூரிக் காலத்தில் நுரையீரலில் இரத்தம் உறைந்திருந்தது. அதனாலேயே அணிகள் அவரை எடுக்கத் தயங்கின. அவரே 2025இல் நான்காண்டுக்கு 9 கோடியே 40 லட்சம் டாலர் ஒப்பந்தம் பெற்றார்.

2022 மார்ச்சில் இவ்வணி மேலும் ஒரு துணிவான செயலைச் செய்தது. புகழின் உச்சியிலிருந்த ரிசீவர் டைரீக் ஹில்லை, ஐந்து தேர்வுரிமைகளுக்கு ஈடாக மயாமி அணிக்குக் கொடுத்துவிட்டது. ரசிகர்கள் பலர் மனம் நொந்தனர். ஆனால் அதே பருவத்தின் முடிவில், 2023 பிப்ரவரி 12ஆம் நாள், சீஃப்ஸ் 38க்கு 35 என்று ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியை வென்று கோப்பையைப் பெற்றது. அப்பருவத்தில் எதிரிகளை 70 முறை வீழ்த்திய அணி ஈகிள்ஸ். அன்று மஹோம்ஸை ஒரு முறைகூட வீழ்த்த இயலவில்லை.

வாதத்தின் மறுபக்கம்

இதனால் முன்வரிசை ஒன்றே போதும் என்று முடிவு கட்டுதல் தகாது. சின்சினாட்டி அணியும் பாடம் கற்று, 2022இல் முன்வரிசையில் நான்கு இடங்களுக்குப் புதியவர்களை அமர்த்தியது. ஆனால் பருவ இறுதியில் ஐவரில் மூவர் அடுத்தடுத்துக் காயமுற்றனர். 2023 ஜனவரி 29ஆம் நாள் கான்சஸ் சிட்டியிடம் மீண்டும் 23க்கு 20 என்றே தோற்றது. பர்ரோ ஐந்து முறை வீழ்ந்தார். கரை கட்டினால் மட்டும் போதாது. உடையும்போது அடைக்க மண்மூட்டையும் வேண்டும் என்பது இதன் பாடம்.

கட்டிய கரையும் என்றும் நிலைப்பதில்லை. 2025 பிப்ரவரி 9ஆம் நாள் அதே ஈகிள்ஸ் அணி, இடப்புற டேக்கிளுக்குச் சரியான ஆளின்றித் தூனியைக் கார்ட் இடத்திலிருந்து நகர்த்தி ஆடிய சீஃப்ஸ் அணியை 40க்கு 22 என்று வென்றது. மஹோம்ஸ் ஆறு முறை வீழ்த்தப்பட்டார்.

சேஸைத் தேர்ந்தெடுத்ததும் பிழையென்று நான் சொல்ல மாட்டேன். அவர் இல்லையெனில் சின்சினாட்டி அந்த இறுதிப் போட்டிக்கே போயிருக்குமா என்பது ஐயம். டெட்ராய்ட் அணிக்குச் சென்ற சூவலும் நாட்டின் தலைசிறந்த டேக்கிள்களுள் ஒருவராக விளங்கினார். இருவருமே நல்முத்துகள். பிழை தேர்வில் இல்லை. எந்த முத்து பெரியது என்று மட்டும் கேட்டுவிட்டு, மாலையின் நூல் எங்கே நைந்திருக்கிறது என்று கேட்காமல் விட்டதில்தான் இருக்கிறது.

முடிவுரை

கருத்தரங்கில் நான் பேசி முடித்ததும் எங்கள் பேராசிரியர் ஒரு வினா எழுப்பினார். "சாக் நேர்ந்தால் கணக்கில் ஏறுகிறது. நேராமல் தடுத்தால் அதை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?" என்றார். என்னிடம் விடை இல்லை. சிறிது நேரம் நின்று, "எழுதுவதில்லை ஐயா" என்று மட்டும் சொல்லி அமர்ந்தேன்.

அந்த வினாவே இன்றளவும் என் மனத்தில் நிற்கிறது. நேராமல் தடுக்கப்பட்ட தீமைக்குப் பேரேட்டில் பக்கம் இல்லை. ஆதலால் அதற்குச் சந்தையும் விலையைத் தாமதமாகவே தருகிறது. ரசிகர்களோ பல வேளைகளில் தருவதே இல்லை. விலையைப் பார்த்துப் பயனை அளக்கும் பழக்கமுள்ள பொருளியல் மாணவர்கள் இந்த இடத்தில் சற்று நின்று சிந்திக்க வேண்டும்.

நண்பர்கள் இவ்வாட்டத்தைக் காண நேரிட்டால் ஒரு வேண்டுகோள். பந்து கிளம்பியதும் முதல் மூன்று வினாடி அதைப் பார்க்காதீர்கள். முன்னால் நிற்கும் ஐவரைப் பாருங்கள். பந்து எங்கே போகும் என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும்.